ஒலியாக்கக் கலை தமிழிற் கற்கப்படுக!

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் ஏறத்தாழ ஏழு கல் தொலைவு. முன்னது நூற்பாலைகளாற் பெயர்பெற்ற ஊர். பின்னது ஆண்டாள் பாடிய ஊர். இவ்விரண்டூர்களிலும், திருமணமாயினும் கோயிற்கொடையாயினும், உறுமியும் தவிலும் பெருவங்கியமும் நின்ற இடத்தில் இன்று பலகாலும் ஒரு விசைப்பலகையும் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளுமே நிற்கின்றன. (நாகசுரம் என வழங்குவதையே பெருவங்கியம் என்கின்றோம்.) இதனைக் கண்டு நம்மவருள் ஒரு சாரார், “மின்பொறி தமிழிசையைக் கெடுத்துவிட்டது, அதனைத் தொடாதீர்” என்று இடித்துரைக்கின்றனர். மற்றொரு சாராராகிய இளைஞரோ, எவரோ ஆங்கிலத்திற் பேசிப் பதிந்துவைத்த பாடங்களைப் பார்த்து, இந்தப் பொத்தானை அழுத்தினால் இந்த ஒலி வரும் என்னுமளவிற் கற்று, இசையாக்கம் என்பது அவ்வளவே என்று நிறைவடைகின்றனர். முதற் சாரார் தம் வீட்டுக் கதவை அடைத்துக்கொள்கின்றனர். இரண்டாம் சாரார் பிறன் வீட்டிற் குடிக்கூலிக்கு இருந்துகொண்டு அதனைத் தம் வீடென்று நம்புகின்றனர். இரண்டும் பிழை என்பதே எம் கருத்து. ஒலியை ஆக்கும் கலையை, அதன் அடிவேர்க் கணக்கோடு, நம் இளைஞர் தமிழிலேயே கற்றாக வேண்டும். கல்லாவிடின் என்ன இழப்பு நேரும் என்பதைச் சில சான்றுகளாற் காட்டுவோம்.

கடைகளிற் ‘சிந்தசைசர்’ என விற்கப்படும் ஒலியாக்கிகள் பலவற்றிலும் கருவிப்பெயர்ப் பட்டியல் ஒன்று உள்ளது. எந்த நிறுமத்தின் பொறியாயினும் ஒரே எண்ணுக்கு ஒரே கருவி ஒலிக்கவேண்டும் என்று 1991இல் உலகளாவிய உடன்பாடாக அமைக்கப்பட்டது அது. அதில் 128 பெயர்கள் உள்ளன. சித்தார் உண்டு, வடநாட்டுச் செனாய் உண்டு, நிப்பானியரின் கோட்டோவும் சாமிசனும் உண்டு, இசுக்காத்துலாந்தியரின் துருத்திக்குழல்கூட உண்டு. யாழ் இல்லை, வீணை இல்லை, பெருவங்கியம் இல்லை. அடிப்பொலிகளுக்கெனத் தனியே 47 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் கியூபாவின் கொங்காவும் பிரேசிலின் குய்க்காவும் இடம்பெற்றிருக்க, பறையோ தவிலோ உறுமியோ மத்தளமோ ஒன்றேனும் இல்லை. கூடிப் பட்டியலிட்டவர்கள் தமிழனைப் பகைத்துச் செய்த செயலன்று இது. பட்டியலிட்ட மன்றத்தில் நாம் இருந்திலோம், அவ்வளவே. இல்லாதவனுக்கு எவன் இலை போடுவான்?

இப்பொறிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் குறிமுறை 1983இல் வகுக்கப்பட்டது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை ‘மிடி’ என்பர். தமிழில் மிடி என்பதற்கு வறுமை என்று பொருள். இக்குறிமுறை தன்னளவில் வறியதன்று. அதனைக் கையாளும் நம் அறிவே வறிதாயிருக்கின்றது. அஃதெவ்வாறெனிற் கூறுவோம்.

விசைப்பலகையின் இயல்பான அமைப்பு, ஒரு நிலையை, அஃதாவது குரலிலிருந்து மேற்குரல் வரையுள்ள இடைவெளியை, பன்னிரண்டு ஒப்பளவுப் படிகளாகப் பகுத்தது. ஐரோப்பியர் தம் பல்குரலிசையின் வசதிக்காக மேற்கொண்ட ஏற்பாடு அது. காதுக்கு இயல்பாக இனிக்கும் இசைநரம்புகளோ சிற்றெண்களின் மேனியில் நிற்பவை. குரல் நொடிக்கு 240 அதிர்வுடையதாயின் இளி 360 அதிர்வில் நிற்கும். வன்கைக்கிளை 300 அதிர்வில் நிற்கும். விசைப்பலகையில் இளி ஏறத்தாழ அவ்விடத்திலேயே விழும். வன்கைக்கிளையோ 302.4 அதிர்விற்குத் தள்ளப்பட்டு நிற்கும். இரண்டரை அதிர்வுகூட இல்லையே, இதில் என்ன கேடு என்பீராயின், ஒத்துக்கருவியொன்றை அருகில் ஊதவிட்டுக் கேளுங்கள். ஒத்தின் ஐந்தாம் கிளையலை 1,200. பலகை தரும் வன்கைக்கிளையின் நான்காம் கிளையலை 1,209.5. இவ்விரண்டும் மோதி நொடிக்கு ஒன்பது முறைக்கு மேல் ஒலி நடுங்கும். ஒத்தோடு ஒட்டி நின்று உருகவேண்டிய இடத்தில் அந்நடுக்கம் நின்று அரிக்கின்றது. அரிப்புக்குப் பழகிய காது பிறகு அதனையே இனிமையென்று கொள்ளும். ஒரு தலைமுறையின் காது இவ்வாறு மாற்றப்படுவதற்கு எந்தப் படையெடுப்பும் தேவைப்படவில்லை. தவணைமுறையில் வாங்கிய ஒரு பலகை போதுமானதாயிற்று.

இவ்வளவில் முதற் சாரார், “யாம் சொன்னது உண்மையாயிற்றன்றோ” என்று எழுவர். சற்றுப் பொறுக்க. ஆர்மோனியப் பெட்டிக்கும் இதே குற்றம் சாற்றப்பட்டது. அதன் நாக்குகள் நிலையானவை, நரம்புக்கு நரம்பு வழுக்கிச் செல்ல இயலாதவை என்று கூறி, இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கிவைத்தது. முப்பதாண்டு கழிந்தபின்னரே தடை தளர்ந்தது. அவ்விலக்கு எவ்வளவு முறையானது என்பது வேறு வழக்கு. நம் மேடை நாடகக்காரர்கள் அப்பெட்டியைக்கொண்டே ஊரூராகத் தமிழைப் பாடிக் காத்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் ஆர்மோனியத்தைப் பொறுத்தவரை குற்றச்சாற்று மெய். வாசிப்பவன் அமர்ந்த இடத்திலேயே அதன் நாக்கைத் திருத்திக்கொள்ள வழியில்லை. ஒலியாக்கி அத்தகையதன்று. முன்கூறிய குறிமுறையிலேயே ஒலியை வளைக்கும் ஏற்பாடு ஒன்று உள்ளது. அதற்கு 16,384 படிகள். இயல்பமைப்பில் அவை மேலிரண்டும் கீழிரண்டுமாக நான்கு படி இடைவெளியில் பரவுதலின், பலகையின் ஒவ்வொரு படியும் 4,096 நுண்படிகளாகப் பகுபடுகின்றது. இருபத்திரண்டு அலகு கேட்பவனுக்கு இது போதாதா? இன்றைய கணிப்பொறி ஒலியாக்கிகள் பலவற்றில், ஒவ்வொரு விசையும் எந்த அதிர்வில் ஒலிக்கவேண்டும் என்று நாமே எழுதி ஏற்றிவிடவும் ஆகும். ஆதலின் பெட்டியின் மேற் பழிபோடும் காலம் முடிந்தது. ஏற்றத் தெரியாத நம் மேலேயே பழி.

இனி அக்கலையின் உள்ளீடு யாது? கேட்பார்க்கு அது மருட்டும் வித்தைபோல் தோன்றினும் இரண்டூர் மக்களும் நாடோறும் செய்யும் தொழிலை ஒத்ததே. இராசபாளையத்து ஆலைத் தொழிலாளி மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கி வேண்டிய திண்மைக்கு நூல் ஆக்குகின்றான். அவ்வாறே தனித்தனி அலைகளை வேண்டிய வீச்சில் அடுக்கிக் கட்டி ஓர் ஒலியை ஆக்குவது கூட்டல்முறை. திருவில்லிபுத்தூரிற் பாலை வற்றக் காய்ச்சி வேண்டாத நீரைப் போக்கிப் பால்கோவா திரட்டுகின்றனர். அவ்வாறே கிளையலைகள் மண்டிய ஒரு முரட்டொலியை எடுத்துக்கொண்டு, வடிப்பியால் வேண்டாதவற்றை நீக்கி வேண்டியதை நிறுத்துவது கழித்தல்முறை. அமெரிக்கராகிய இராபர்ட்டு மூக் 1964 முதல் ஆக்கிய பொறிகள் இவ்வகையால் புகழ்பெற்றன. மூன்றாவது முறை ஒன்றுண்டு. அதன் வரலாறு நமக்கு மிகவும் வேண்டற்பாலது.

இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இசை பயின்ற சான் சௌனிங் என்பவர், 1967இல், கணிப்பொறி ஒலிக்கு அசைவு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடகன் ஒரு நரம்பில் நின்று குரலை அசைப்பது போன்ற அசைவே அது. அவ்வசைவை மேலும் மேலும் விரைவாக்கியபோது, ஓர் எல்லைக்கு மேல் அஃது அசைவாகக் கேளாமல், முற்றிலும் புதிய ஒலிநிறமாகக் கேட்டது. மணி, பித்தளைக் குழல், மரம் என இரண்டே அலைகளால் எண்ணற்ற ஒலிகளைத் தோற்றுவிக்க வழி பிறந்தது. 1973இல் அவர் அதனை எழுதி வெளியிட்டார். அமெரிக்க ஆர்கன் நிறுமங்கள் அதன் அருமையை உணர்ந்தில. நிப்பானிய நிறுமமாகிய யமகா உரிமம் பெற்றுப் பத்தாண்டுக் காலம் உழைத்து 1983இல் வெளியிட்ட பொறி உலகத்து மேடைகளையெல்லாம் நிறைத்தது. இங்குக் கருதற்பாலவை இரண்டு. கண்டறிந்தவர் மின்பொறிஞரல்லர், இசைஞர். கண்டறிதற்கு வழியாயிருந்தது நரம்பசைவு. உலகில் நரம்பசைவை நம்மினும் நுணுகி வளர்த்த மக்கள் அரியர். பெருவங்கியக் கலைஞன் சீவாளியில் உதட்டாற் செய்யும் நுண்வேலையை அலையாக வரைந்து கணக்கிட்டு நோக்கிய தமிழிளைஞன் ஒருவன் இருந்திருப்பின் அக்கண்டுபிடிப்பு எவ்வூரிற் பிறந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க.

யாழொலியை ஆக்குதற்கு ஏற்ற எளிய முறை ஒன்றும் 1983இலேயே வெளியாயிற்று. கார்ப்பிளசு, இசுட்டிராங் என்னும் இருவர் கண்டது. நொடிக்கு 44,100 எண்களாக ஒலியைப் பதியும் கணிப்பொறியில், இருநூறு அறைகள் கொண்ட ஒரு வரிசையை எடுத்துக்கொள்க. அதில் முறையற்ற எண்களை அள்ளித் தூவுக; நரம்பைச் சுண்டியதற்கு அது நிகர். பின்னர் ஒவ்வோர் எண்ணையும் ஒலியாக வெளியிட்டு, அதனையும் அடுத்ததனையும் கூட்டிப் பாதியாக்கி வரிசையின் கடையிற் சேர்த்துக்கொண்டே செல்க. சுண்டிய நரம்பு முதலில் ‘டங்’ என்று கூர்த்தொலித்து மெல்ல மென்மையாகி அடங்குவது போன்றே அவ்வொலியும் ஏறத்தாழ 220 அதிர்வில் ஒலித்து அடங்கும். எட்டாம் வகுப்புக் கணக்கறிந்த சிறுவன் இதனைச் செய்துவிடலாம். ஆனால் ஒரு குழி உள்ளது. 880 அதிர்வு வேண்டுமெனில் ஐம்பது அறையிட்டால் 873 வருகின்றது. நாற்பத்தொன்பது இட்டால் 891 வருகின்றது. இடைப்பட்ட நரம்பு அறைகளுக்கிடையே விழுந்து காணாமற் போகின்றது. அறையின் பின்னப்பகுதியை ஈடுசெய்யும் கணக்கை அறிந்தவனே யாழின் அலகை அங்கு நிறுத்த இயலும். ஆயத்தமாக வாங்கிய ஒலியை அழுத்திப் பழகியவனுக்கு இக்குழி இருப்பதே தெரியாது. பண் பிறழ்ந்தது தெரியும். ஏன் பிறழ்ந்தது என்று தெரியாது. தன் காதையே ஐயுறுவான்.

நம் முன்னோர் இத்துறையில் வெறுங்கையராய் நின்றாரல்லர். வட்டத் தோலொன்றை இழுத்துக் கட்டி அடித்தால் அதன் கிளையலைகள் முழுவெண் மேனியில் அமையா, முதலலைக்கு 1.59, 2.14 மடங்கு என்று தாறுமாறாக நிற்கும். அதனாலேயே உலகத்துத் தோற்கருவிகள் பலவற்றில் ஓசை உண்டு, இசைநரம்பு தெளிவாக இல்லை. மத்தளத்தின் வலந்தலையிலோ கிட்டப்பொடியும் சோறும் பிசைந்து நடுவில் அப்பிய கரணை, அத்தாறுமாற்றைத் திருத்தி 1, 2, 3, 4, 5 என்னும் ஒழுங்கிற்குக் கொணர்ந்துவிடுகின்றது. திருவானைக்காவிற் பிறந்த சி. வி. இராமன் 1920இல் இதனைக் குறித்து இங்கிலாந்தின் ‘நேச்சர்’ இதழில் எழுதினார், பின்னரும் ஆய்ந்தார். இராமன் பெயரை உலகறியும். கரணையை எவ்வளவு தடிப்பில் எத்தனை அடுக்காக அப்பவேண்டும் என்று காதாலேயே அளந்து கண்டறிந்த தோற்கருவித் தொழிலாளியின் பெயரை எவரும் எழுதிவைத்திலர். ஒலியியல் அறிஞன் என்னும் பெயர்க்கு முதல் உரிமையாளன் அவனே. அவன் வழியினரைச் சேரியில் ஒதுக்கிவைத்துவிட்டு ‘எம் இசை எம் இசை’ என்று மார்தட்டுவது நமக்கு அழகன்று.

தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859இற் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில், ஒரு நிலைக்கு இருபத்துநான்கு அலகு என்று நிறுவ முயன்றார். ஈழத்துக் காரைதீவிற் பிறந்து அறிவியலிற் பட்டம் பெற்ற விபுலானந்த அடிகள், 1947இல் அரங்கேறிய ‘யாழ் நூல்’ என்னும் நூலில், குரல் நான்கு, துத்தம் நான்கு, கைக்கிளை மூன்று, உழை இரண்டு, இளி நான்கு, விளரி மூன்று, தாரம் இரண்டு என்னும் இருபத்திரண்டு அலகை அடிப்படையாகக் கொண்டு பண்டை யாழ்களைக் கணக்கிட்டார். இருவரும் தத்தம் கொள்கையைக் காதில் ஒலிக்கச் செய்து ஒப்பிட்டுக் காட்ட அக்காலத்துக் கருவிகள் இடந்தரவில்லை. இன்று ஒரு மாலைப்பொழுது போதும். இரண்டு அலகு வரிசைகளையும் கணிப்பொறியில் ஏற்றி, ஒரே பண்ணை இரண்டிலும் இசைத்து, ஓதுவார் ஒருவரை அருகில் அமர்த்திக் கேட்கச் சொல்லலாம். இத்தனை ஆண்டாக ஏட்டில் நிகழும் வழக்காடலைச் செவியின் முன் வைக்கும் வாய்ப்பு இது. இதனைச் செய்ய வல்ல இளைஞரோ, திரைப்பாட்டின் அடியொலியை இன்னும் எவ்வளவு அதிரச் செய்யலாம் என்று ஆங்கிலப் பாடத்திற் கற்றுக்கொண்டிருக்கின்றனர். அதிரச் செய்வது தவறென்று யாம் கூறவில்லை. அதனோடு நின்றுவிடுவதே தவறு.

தமிழிற் கற்பதால் என்ன வேறுபாடு என்று கேட்பார் உளர். யமகாவின் பொறிஞர்கள் அமெரிக்கக் கண்டுபிடிப்பை வாங்கித் தம் மொழியில் எண்ணிப் பேசி உழைத்தே பொறியாக்கினர். பிறமொழிச் சொல்லை ஓசையளவில் ஏற்றுக்கொண்டவனுக்குப் பொருள் பொத்தானோடு நின்றுவிடுகின்றது. ‘பில்டர்’ என்று அழுத்துகிறவனை விட, ‘வடிப்பி’ என்று அறிந்தவன் எதனை வடிக்கின்றோம், எது தங்கும் என்று கேட்கத் தொடங்குவான். அலைவெண், வீச்சு, கிளையலை, வடிப்பி, முழக்கம், தாழ்வு, பண்பேற்றம் என்று சொற்கள் உள்ளன. இல்லாதவற்றை ஆக்கிக்கொள்ளத் தமிழுக்கு வேர் வற்றிவிடவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இற் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. ஒலிப்பொறியியலுக்கு அத்தகைய தமிழ்ப்பாடம் ஒன்று வகுத்தால் என்ன? இராசபாளையத்திலும், திருவில்லிபுத்தூரையடுத்த கிருட்டிணன்கோயிலிலும் பொறியியற் கல்வி நிலையங்கள் உள்ளன. அவற்றின் மின்னணுவியல் துறையினர் கிழமைக்கு ஓரிரவு, ஆலைத் தொழிலாளரும் மேளக்காரர் மக்களும் வந்தமர்ந்து கேட்கும் வண்ணம், இக்கலையைத் தமிழிற் கற்பிக்க முன்வரலாகாதா? பொருட்செலவும் பெரிதன்று. மில்லர் பக்கெட் என்பவர் 1990களில் ஆக்கிய ‘பியூர் டேட்டா’ போன்ற மென்பொருள்கள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. பழைய கணிப்பொறியிலும் இயங்குகின்றன.

நம்மவர்க்கு இது கைவராது என்னும் பேச்சும் செல்லாது. பண்ணைப்புரத்து இளையராசா 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்திலேயே கணிப்பொறிவழி இயங்கும் இசைப்பொறிகளைக் கையாண்டார். அவரிடம் விசைப்பலகை வாசித்த ஏ. ஆர். இரகுமான் 1989இல் தம் வீட்டையொட்டியே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, 1992இல் உலகத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தார். ஆயினும் இவர்களைப் போற்றும் நாடு, இவர்கள் என்ன செய்தனர் என்று கேட்பதில்லை. 2024 திசம்பர் 15ஆம் நாள், தாம் இசையமைத்த பாசுரங்களின் நிகழ்ச்சிக்காகத் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வந்த இளையராசா கருவறைக்கு முன்னுள்ள மண்டபத்திற் செல்லாது வெளியே நின்று வழிபட்டது பெருஞ்செய்தியாயிற்று. தன்மதிப்பை எவ்விடத்தும் விட்டுக்கொடுப்பவன் அல்லன் என்று அவரும் எழுதினார். எவர் எதுவரை செல்லலாம் என்னும் வாயிற்படி வழக்கு நம் மண்ணில் இன்னும் முடியவில்லை என்பது வெட்கத்திற்குரியது. அதனை வேறோர் இதழில் விரிவாகப் பேசுவோம். இங்கு யாம் வருந்துவது மற்றொன்றுக்கு. அவர் எங்கு நின்றார் என்று அத்தனை பேர் எழுதினர். ஆண்டாள் தமிழை அவர் எவ்வாறு ஒலியாக்கினார், எக்கருவியை எதனோடு இயைத்தார் என்று எழுதியவரை யாம் கண்டிலோம்.

அதே கோயிலில் நம் கைக்கெட்டும் பணி ஒன்று காத்திருக்கின்றது. தாளத்தைக் கையிற்கொண்டு அரையர் பாசுரத்தைப் பாடியும் நடித்தும் காட்டும் சேவை இன்றும் உயிரோடிருக்கும் மிகச் சில ஊர்களுள் திருவில்லிபுத்தூர் ஒன்று. அக்குரலுக்குப் பாதி அழகு தருவது அது பட்டு மீளும் கல். இசைப்பொறிகளில் முழக்கம் சேர்க்கும் பட்டியலைப் பார்ப்பீராயின் ‘கதீட்ரல்’ என்று ஐரோப்பியக் கிறித்தவப் பெருங்கோயிலின் பெயர் தவறாதிருக்கும். நம் கல்மண்டபம் இராது. ஆகவே கோவை மாணவன் பாடினாலும் கோலாலம்பூர் மாணவன் பாடினாலும் அவன் பாட்டு அயலான் கோயிலிலேயே முழங்குகின்றது. மண்டபத்தின் முழக்கத்தைப் பிடிப்பதோ எளிது. ஆளரவம் அடங்கிய வேளையில், நடுவிடத்தில் ஊதற்பை ஒன்றை வெடித்து, அவ்வொலி கல்லிற் பட்டு அடங்கும் வரை நல்ல ஒலிவாங்கியால் பதிந்துகொண்டால், அப்பதிவை எந்தக் குரலோடும் பெருக்கி அக்குரலை அம்மண்டபத்தில் நின்று பாடியதாக்கும் கணக்கு முறை உண்டு.

எனவே இரண்டூர் அன்பர்களுக்கும் எம் வேண்டுகோள் இது. வரும் ஆடிப்பூரத்திற்கு முன், உங்கள் பகுதி உறுமி, தவில், பறை, பெருவங்கியக் கலைஞர்களை அவர்க்குரிய கூலி கொடுத்து அழைத்து, ஒவ்வோர் அடியையும் ஒவ்வொரு நரம்பையும் தனித்தனியே பதிந்து, கலைஞன் பெயரும் ஊரும் பொறித்துச் சேர்த்துவைப்பீர். அப்பதிவுகள் பொதுவுடைமையாகவேண்டும், வணிகருக்கு விற்றல் கூடாது. மண்டபத்தில் ஓரிரவு ஒலிபதிய இசைவு கோரி அறநிலையத்துறைக்கு மடல் ஒன்று எழுதப்பெறும். ஒலிவாங்கியும் பதிவுப்பொறியும் உடையோர், மடலிற் கையொப்பமிட விழைவோர் தம் முகவரியை இதழ் அலுவலகத்திற்கு இத்திங்களுக்குள் எழுதுக. கணக்கறிந்த இளைஞர் இருவர் மூவர் தேவை. இசையறிந்தவராயிருத்தல் வேண்டுமென்பதில்லை, ஒத்தின் அருகமர்ந்து பொறுமையாய்க் கேட்பவராயிருந்தாற் போதும்.